தாம்பரத்திலிருந்து குமரி வரை: குடும்பத்தோடு நின்று சென்ற இடங்கள்

டிசம்பர் 24, புதன், தாம்பரம்

அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கன்னியாகுமரிக்குக் காரில் புறப்படுகிறோம். தூரம் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். இளைஞர்கள் மட்டும் போகும் வண்டியாக இருந்தால் இரண்டு தேநீர், ஒரு சாப்பாடு என்று ஒரே பகலில் ஊர் சேர்ந்துவிடுவார்கள். எங்கள் வண்டியில் முழங்கால் வலியுள்ள என் மாமியார் இருக்கிறார். ஓடும் வண்டியில் குனிந்து புத்தகம் படித்து வாந்தி எடுக்கும் பதினொரு வயது மகள் இருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடவிடாவிட்டால் இருக்கையை உதைக்கத் தொடங்கும் ஐந்து வயது மகன் இருக்கிறான். ஆகவே திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் இரவு தங்கிப் பகலில் மட்டும் ஓட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்கே நிற்பது என்பதைத்தான் இரண்டு மாலைகளாக வரைபடத்தை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். கணவர் உணவகங்களைக் குறிக்கிறார்; நான் கழிப்பறைகளைக் குறிக்கிறேன். நல்ல சாப்பாடு கிடைக்கும் இடம் நல்ல நிறுத்தமாக இருக்கும் என்ற எண்ணம் நெடுஞ்சாலையில் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. தாழ்ப்பாள் விழும் கதவு, தண்ணீர், அத்தை உட்கார்ந்து எழக்கூடிய மேற்கத்தியக் கழிப்பறை, வண்டிகள் வராத ஓரிடத்தில் பிள்ளைகள் ஓடுவதற்குத் திறந்தவெளி, கொஞ்சம் நிழல் ஆகியவை இருந்தால் சோற்றைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். வண்டியில் இருப்பவர்களுள் யாருக்கு உடம்பு முதலில் சோருமோ, அவரை வைத்துத்தான் நிறுத்தத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

டிசம்பர் 26, வெள்ளி, திருச்சி

காலை ஐந்து மணிக்குக் கிளம்பியதால், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலை காலியாக இருந்தது. செங்கல்பட்டைத் தாண்டிப் படாளத்தில் மேற்கே திரும்பி வேடந்தாங்கலுக்குச் சென்றோம். இந்தப் பாதையில் முதல் நிறுத்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. தாம்பரத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். ஏரிக்கரை மேலேயே சமதளமான நடைபாதையும் இடையிடையே உட்காரும் இடங்களும் இருப்பதால், அத்தை ஒரு படிகூட ஏறாமல் பறவைகளைப் பார்க்க முடிந்தது. நவம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். கோடையில் வந்தால் காய்ந்த ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நீரில் நிற்கும் கடப்ப மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் அடைந்திருந்தன. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பதால் இவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள் என்றும், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வேட்டையைத் தடுக்கும் உரிமையை அன்றைய ஆட்சியரிடம் எழுதி வாங்கினார்கள் என்றும் மகளுக்குச் சொன்னேன். மகனுக்கு எச்சம் என்ற செய்தி மட்டுமே போதுமானதாக இருந்தது. திருச்சி வரும் வரை அதையே சொல்லிச் சிரித்தான். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகளை வண்டி நிறுத்துமிடத்தில் சாப்பிட்டோம்.

திண்டிவனம், விழுப்புரம் ஆகியவற்றைப் புறவழிச்சாலையில் கடந்தோம். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் பெரிய பெயர்ப்பலகையும் வரிசை வரிசையாகக் கார்களும் நின்ற ஓர் உணவகத்தில் கணவரின் விருப்பத்துக்காக நிறுத்தினோம். காபி நன்றாகவே இருந்தது. கழிப்பறையோ பின்பக்கம், கைப்பிடி இல்லாத ஏழெட்டுப் படிகளுக்குக் கீழே, தரையோடு அமைந்த இந்திய வகை மட்டுமே. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு இப்ப அவசரமில்லைம்மா" என்று திரும்பிவிட்டார். வீட்டுப் பெரியவர்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்வதற்கு இத்தகைய படிகள்தாம் காரணம் என்பதை உணவகம் கட்டுபவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அடுத்து வந்த பெட்ரோல் பங்கில், எரிபொருள் நிரப்பும் சாக்கில் கேட்டு, சுத்தமான கழிப்பறையொன்றைத் திறந்துவிடச் செய்தோம். பங்குகளில் பூட்டியிருந்தாலும் கேட்டால் சாவி கொடுத்துவிடுகிறார்கள். கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

பெரம்பலூருக்கு முன்னால் ரஞ்சன்குடி கோட்டை. நெடுஞ்சாலையிலிருந்து மிக அருகில் இருந்தும் பெரும்பாலான கார்கள் நிற்காமலே போய்விடுகின்றன. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு ஜாகிர்தார், அதாவது நிலமானியம் பெற்ற தலைவர், 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1751இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே வாலிகொண்டாப் போர் இங்கேதான் நடந்தது. செஞ்சியைப் போல மலையேறி மூச்சு வாங்க வேண்டியதில்லை. அகழி, வாயில், உள்ளே அடுக்கடுக்கான மதில், மேலே அகன்ற வெட்டவெளி என்று சிறு பிள்ளைகளின் கால்களுக்கு அளவான கோட்டை. அத்தை வாயில் நிழலிலேயே அமர்ந்துகொண்டார். மற்றவர்கள் ஒரு மணி நேரம் சுற்றினோம். மேல்தளத்தின் விளிம்புகளில் தடுப்பு இல்லாத இடங்கள் இருப்பதால் சின்னவனின் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டியிருந்தது. குடிநீர், கழிப்பறை இரண்டையும் முன்பே முடித்துக்கொண்டு போவது நல்லது.

வெள்ளிக்கிழமையாக அமைந்தது அத்தைக்கு இரட்டை மகிழ்ச்சி. திங்களும் வெள்ளியும் மட்டுமே நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. கூட்டம் இருந்தாலும் தரிசனம் கிடைத்தது. பிறகு கிழக்கே பிரிந்து சாத்தனூருக்குப் போய், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தைப் பார்த்தோம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்தது இது. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் கடல் இருந்த காலத்தது. மகள் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மகனுக்கு அது ஒரு நீளமான கல், அவ்வளவுதான். ஐந்து வயதுப் பிள்ளை மட்டுமே உள்ளவர்கள் இந்தக் கிளைப்பயணத்தை விட்டுவிடலாம்.

டிசம்பர் 27, சனி, திருச்சி

இன்று நீண்ட ஓட்டம் இல்லை. மலைக்கோட்டை என்றதும் 400க்கும் மேற்பட்ட படிகள் நினைவுக்கு வந்ததால், அத்தையே முதலில் வேண்டாம் என்றார். காலையில் ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில் வனத்துறை நடத்தும் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, மாலையில் முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் ஆர்தர் காட்டன் 1836இல் எழுப்பிய மேலணையின் மதகுகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்தபின், அருகே புதிய கதவணை கட்டியிருக்கிறார்கள். பெரிய மரங்களின் நிழலும் விளையாட்டுப் பூங்காவும் உள்ள இடம் என்பதால், நாள் முழுவதும் வண்டியில் அடைந்திருந்த பிள்ளைகளை விடுவதற்கு ஏற்றது. ஆற்றில் இறங்கவிடக் கூடாது, சுழல் உண்டு.

டிசம்பர் 28, ஞாயிறு, மதுரை

திருச்சியிலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட்டினால் விராலிமலை. மயில்கள் ஊருக்குள்ளேயே உலவும் மலையடிவாரம். காலை ஒன்பது மணிக்குள் சேர்ந்தால் பாறைகளின் மேலும் கூரைகளின் மேலும் அவற்றைக் காணலாம். முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உள்ள கோயில் என்று கேட்டதும் மகள் நம்ப மறுத்து, அர்ச்சனைத் தட்டு விற்ற பெண்மணியிடமே போய்க் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். நானும் பிள்ளைகளும் படியேறினோம். கணவர் அத்தையுடன் கீழே இருந்தார். இப்படி இருவரில் ஒருவர் கீழே தங்குவதென்று முன்பே பேசி வைத்துக்கொண்டால், மேலே போனவர் அவசரப்படாமல் இறங்கலாம். கீழே இருப்பவருக்கும் தாம் மற்றவர்களைத் தடுக்கிறோம் என்ற எண்ணம் வராது.

துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என்று சாலை சீராக ஓடுகிறது. சீராக ஓடுவதாலேயே ஓட்டுபவருக்குத் தூக்கம் வருகிறது. மதுரைச் சுற்றுச்சாலையில் திரும்பிச் சிலைமான் வழியாகக் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட, செட்டிநாட்டு வீட்டமைப்பில் முற்றமும் தூண்களுமாகக் கட்டிய இடம். அருங்காட்சியகம் என்றாலே சிணுங்கும் மகன், அகழாய்வில் கிடைத்த பகடைக்காய்களையும் வட்டச் சில்லுகளையும் கண்டதும் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பிள்ளைகளும் சில்லு விளையாடியிருக்கிறார்கள் என்பதை அவனுக்கு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நடுப்பகல் வெயிலுக்கு இப்படிக் கூரையுள்ள ஓரிடத்தை ஒதுக்கி, கோட்டை, ஏரி போன்றவற்றைக் காலைக்கும் மாலைக்கும் வைப்பது எங்களுக்கு ஒத்துவருகிறது.

இரவு மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரத்தைக் கடந்து நடந்தோம். சாலையோரம் மரமும் இடையிடையே சத்திரமும் கிணறும் அமைத்தவர் என்று ராணி மங்கம்மாளை இந்தப் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். அவர் ஆட்சி முடிந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாற்கரச் சாலை போட்டபோது ஓரத்துப் புளியமரங்கள் போயின. அவற்றுக்கு ஈடான நிழல் இன்னும் வளரவில்லை.

டிசம்பர் 29, திங்கள், திருநெல்வேலி

மதுரைக்குத் தெற்கே தேசிய நெடுஞ்சாலை 44. இந்தப் பகுதியில் வழிநெடுகத் தின்பண்டங்கள்தாம்: விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா, சாத்தூரில் காரச்சேவு, கோவில்பட்டியில் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய். காலைப் பொழுதில் எண்ணெய்ப் பரோட்டா கொடுத்தால் மகள் என்ன ஆவாள் என்பது தெரிந்ததால், அதைத் திரும்பும் பயணத்துக்கு ஒத்திவைத்தோம். புறவழிச்சாலைக் கடைகளில் ஊர்ப் பெயரை ஒட்டி விற்பதை வாங்காமல், பத்து நிமிடம் செலவிட்டு ஊருக்குள் போய் வாங்குவது மேல்.

கயத்தாற்றில் கட்டபொம்மன் நினைவிடம். 1799 அக்டோபர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்ட ஊர். நடிகர் சிவாஜி கணேசன் நிலம் வாங்கி 1970இல் நிறுவிய சிலை இங்கே நிற்கிறது. கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வரலாற்றுப் பாடத்தில் இதைப் படித்திருந்த மகளுக்கு மட்டும் அது போதவில்லை.

திருநெல்வேலியில் அல்வாக் கடைக்கு முன்னால் கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போய்விடுங்கள் என்று இங்கே படித்த என் தோழி சொல்லியிருந்தாள். 1987இல் திறந்த மையம் அது. தொட்டும் சுழற்றியும் பார்க்கும் கருவிகள் உள்ளேயும், ஊஞ்சலும் ஏற்றமும் போன்றவை வெளியே பூங்காவிலும் உள்ளன. நாளெல்லாம் "தொடாதே" என்று கேட்டு வந்த மகன் மாலை வரை வெளியே வரவில்லை. இந்தப் பயணத்தில் எல்லா வயதினருக்கும் ஒருசேரப் பிடித்த இடம் எது என்று கேட்டால், எந்தக் கோயிலையும் கோட்டையையும் அல்ல, இதைத்தான் சொல்வேன்.

டிசம்பர் 30, செவ்வாய், கன்னியாகுமரி

நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. காவல்கிணறு நெருங்கும்போது இருபுறமும் காற்றாலைகள். தென்மேற்குப் பருவத்தில் வேகமாகச் சுழல்பவை, டிசம்பரில் பல சும்மா நின்றிருந்தன. அவற்றைப் படம் எடுக்க நெடுஞ்சாலை ஓரத்திலேயே குடும்பத்தோடு இறங்கி நிற்கிறார்கள். பின்னால் லாரி வரும் சாலையில் அது ஆபத்து. கிளைச் சாலையில் திரும்பி நின்றால் இன்னும் அருகில் தெரிகிறது. வண்டி பழுதாகி ஓரம் கட்ட நேர்ந்தால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைக்கலாம், எங்களுக்குத் தேவைப்படவில்லை.

விவேகானந்தர் பாறைக்குச் செல்லும் படகு வரிசை, ஆண்டிறுதிக் கூட்டத்தில் தெருவரை வந்திருந்தது. 133 அடி வள்ளுவர் சிலைக்கும் பாறைக்கும் இடையே 2024இல் இதே நாளில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைக் கரையிலிருந்து காட்டிவிட்டு, வட்டக்கோட்டைக்கு வண்டியைத் திருப்பினோம். ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். கடலையொட்டிய கருங்கல் கோட்டை. உள்ளே மரநிழல், புல்வெளி. மேலே செல்லவும் சரிவுப்பாதை உள்ளதால் அத்தையும் மெதுவாக மதில் மேல் ஏறி வந்து கடலைப் பார்த்தார்.

அத்தை பொங்கல் வரை நாகர்கோவிலில் தம் தங்கை வீட்டில் தங்குகிறார். அவர் இல்லாத வண்டியில் திரும்பும்போது நிறுத்தங்களின் பட்டியல் முழுவதும் மாறிவிடும்: எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, விருதுநகர்ப் பரோட்டா, மலைக்கோட்டையின் படிகள். மகள் இப்போதே வரைபடத்தில் குறிக்கத் தொடங்கிவிட்டாள். வேடந்தாங்கலையும் சேர்க்க வேண்டும் என்று மகன் அடம்பிடிக்கிறான்.