பன்னிரண்டு மணிக்கு விடியும் ஊர்

“நாளைக்குப் பன்னிரண்டு மணிக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார் சமையல்கார அக்கா. அப்போது எனக்கு இந்தத் தான்சானியாக்காரர்கள் பேசும் சுவாஹிலியில் எண்கள் மட்டும்தான் அத்துப்படி. காலைக் கஞ்சியை மத்தியானமா காய்ச்சுவார்கள் என்று ராத்திரி முழுக்க எரிச்சல். மறுநாள் கருக்கலிலேயே வாசலில் “ஹோடி! ஹோடி!” என்று குரல் கேட்டது. உள்ளே வரலாமா என்று கேட்கிறார்களாம். கடிகாரத்தில் மணி ஆறு.

இங்கே பொழுது விடிவதை வைத்துத்தான் மணிக்கணக்கு. நம் ஏழு மணி இவர்களுக்கு ஒரு மணி, நம் ஆறு மணி பன்னிரண்டு. நம் தாத்தாமார் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது மாதிரிதான். யோசித்தால் இதுதான் நியாயமாகவும் படுகிறது. ஆனாலும் இரண்டு வருஷமாகியும் மனசுக்குள் ஆறைக் கூட்டிக் கழித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

தான்சானியாவில் விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது முவான்சா. பாறைக்கு மேல் பாறை, அதற்கு மேல் வீடு. அந்த நகரத்தின் ஓரத்தில் எங்கள் மிஷனின் பிள்ளைகள் உதவி மையம். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். அயர்லாந்திலிருந்து வந்து டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேலின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தவள். அதனால் தொட்டில்களும் பாட்டும் ஜெபமுமாக ஒரு படத்தை மனதில் சுமந்துகொண்டு விமானம் ஏறினேன். வந்து பார்த்தால் மாவுக் கணக்கு, விறகுக் கணக்கு, பேன் சீப்பு, சீருடை அளவு.

எங்களிடம் வரும் 42 பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அநாதைகள் இல்லை. பாட்டியோ அத்தையோ வீட்டில் இருக்கிறார்கள், சோறுதான் போதவில்லை. அதனால் நாங்கள் யாரையும் தங்கவைப்பதில்லை. காலையில் கஞ்சி, பள்ளி விட்டு வந்ததும் சாப்பாடு, வீட்டுப்பாடம், பொழுது சாய்வதற்குள் வீடு. அரசுப் பள்ளியில் 2016 முதல் கட்டணம் கிடையாது. ஆனால் சீருடையும் நோட்டும் வாங்கக் காசு வேண்டுமே, அங்கேதான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். ஊரிலிருந்து உதவுகிற ஒருவர், ‘கொஞ்சம் சோகமா இருக்கிற போட்டோ அனுப்புங்க சிஸ்டர்’ என்று எழுதியிருந்தார். பந்து விளையாடும் படத்தை அனுப்பினேன். அடுத்த மாதம் பணம் வரவில்லை. வேறு படம் அனுப்ப எனக்கு மனசும் வரவில்லை.

சாப்பாட்டில் மட்டும் நான் அந்நியமாக உணர்ந்ததே இல்லை. கஞ்சிக்கு ‘உஜி’ என்று பேர். அதில் போடும் ‘உலேசி’ எதுவென்று பார்த்தால் நம் கேழ்வரகு! கேழ்வரகுக்குப் பிறந்த வீடே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான், நாம்தான் புகுந்த வீடு. ஏரியில் பிடித்துக் காயவைக்கும் ‘டகா’ என்ற பொடிமீனைத் தக்காளி போட்டு வதக்கும்போது நெத்திலிக் கருவாட்டு வாசம் தூக்கும். என் வீட்டுக்காரர் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிடுவார்.

பெயர்தான் வேடிக்கை. இங்கே அம்மாவுக்கு ‘மாமா’ என்று பேர். மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து என்னை மாமா இன்னார் என்று ஊரே கூப்பிடுகிறது. “ஏ மாமா, காபி கிடைக்குமா?” என்று இவரும் சேர்ந்துகொள்வார். கடைத்தெருவில் இந்திய முகத்தைப் பார்த்ததும் “உங்க கடை எது?” என்றுதான் கேட்பார்கள். கடையே இல்லாத இந்தியர்களை அவர்கள் அதிகம் பார்த்ததில்லை போல.

இன்னொரு வார்த்தை ‘போலே’. மழைச் சேற்றில் நான் வழுக்கி விழுந்தபோது தெருவில் நின்றவர்கள் எல்லாரும் “போலே, போலே” என்றார்கள். இவர்களா தள்ளிவிட்டார்கள், எதற்கு மன்னிப்பு கேட்கிறார்கள் என்று முழித்தேன். அது மன்னிப்பு இல்லையாம், நம் ‘அச்சச்சோ’தான்.

போன வாரம் சமையல்கார அக்காவுக்குக் காய்ச்சல். விரலில் குத்திப் பார்த்ததில் மலேரியா. மூன்று நாள் மாத்திரை, வீட்டில் ஓய்வு. 42 பேருக்கு உகாலி கிண்டும் பொறுப்பு என் தலையில். உகாலி என்றால் மக்காச்சோள மாவில் கிண்டும் களி. களி கிண்டிப் பழகிய கைதானே என்று துணிச்சலாக இறங்கினேன். கால் மணி நேரத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது, அண்டா முழுக்கக் கட்டி கட்டியாக மாவு. பேரனைக் கூட்டிப்போக வந்த பாட்டி ஒருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினார். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கட்டிகளை அண்டாவின் ஓரத்தில் வைத்து நசுக்கி நசுக்கிக் கிண்டினார். என்னை மோடாவில் உட்காரச் சொல்லி, “போலே நா காசி, மாமா” என்றார். வேலை செய்கிறவர்களைப் பார்த்து இங்கே எல்லாரும் சொல்வது அது. எங்கள் ஊரில் என்றால், “பாவம், அலுத்துப்போயிட்ட, செத்த உக்காரு” என்றிருப்பார்கள்.