வியாசர்பாடி மாடிகளில் ரேடியோவைத் தூங்கவைத்த கதை

எம்.இ. இறுதியாண்டு புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது, மழைக்காலத்தில் கேப்டன் காட்டன் கால்வாயின் நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும் சென்சார் வலை. வடசென்னை வியாசர்பாடிக்காரனுக்குக் காரணம் தேடவேண்டியதில்லை. கனமழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். கால்வாய் ஓரத்துக் கருவியிலிருந்து மாடி மாடியாகத் தாவி எங்கள் வீட்டுக் கணினிக்குத் தகவல் வர வேண்டும். அடுத்தவர் மாடியில் கரண்டும் கேட்க முடியாதே. கருவிக்கு இரண்டு ஏஏ பேட்டரி, அவ்வளவுதான்.

சென்சார் சீக்கிரமே சொன்னபடி கேட்டது. உயிரை வாங்கியது மேக் நெறிமுறை; அதாவது, ஒரே அலைவரிசையை எந்த ரேடியோ எப்போது பயன்படுத்துவது என்ற ஏற்பாடு.

ஆய்வகத்தில் கிடைத்தவை டெலோஸ்பி என்ற பழைய சென்சார் கருவிகள். அவற்றின் சிசி2420 ரேடியோ, முழுத் திறனில் அனுப்ப சுமார் 17 மில்லிஆம்பியர் எடுக்கும். யாராவது பேசுவார்களா என்று சும்மா கேட்டுக்கொண்டிருக்கவோ கிட்டத்தட்ட 19. தண்ணீர் லாரி எப்போது வருமோ என்று ராத்திரி முழுக்க விழித்துக் கிடப்பது போலத்தான். குடம் தூக்குவதைவிடக் காத்திருப்பதுதான் ஆளைச் சாய்க்கும். 2500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி இப்படி ஆறு நாள்கூடத் தாங்காது. ஆகவே ரேடியோ பெரும்பாலான நேரம் தூங்க வேண்டும், ஆனால் தனக்கு வரும் தகவலைத் தவறவிடவும் கூடாது.

இதற்கென்றே நெறிமுறைகள் உண்டு. 2002-இல் வந்த எஸ்-மேக், அக்கம்பக்கத்துக் கருவிகளை ஒரே அட்டவணையில் விழிக்கச் சொன்னது. அதற்குக் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். 2004-இன் பி-மேக் அந்தத் தொல்லையை விட்டது: அவரவர் இஷ்டத்துக்கு விழிக்கலாம், அனுப்புபவர்தான் தகவலுக்கு முன்னால் நீளமான முன்னொலி கொடுத்துக் கேட்பவரை எழுப்ப வேண்டும். 2006-இல் எக்ஸ்-மேக் அந்த முன்னொலியைத் துண்டு துண்டாக்கியது. 2011-இன் கான்டிகிமேக், பதில் வரும்வரை தகவலையே திரும்பத் திரும்ப அனுப்புகிறது; கேட்பவர் நொடிக்கு 8 முறை கண்திறந்து பார்த்தால் போதும். நான் இதைத்தான் எடுத்தேன். அனுப்பும் முன் ‘வரட்டுமா’ என்று அனுமதி கேட்கும் முறையை வேண்டாம் என்று விட்டேன். 127 பைட்டுக்கு மேல் போகாத தகவலுக்கு அத்தனை உபசாரம் எதற்கு?

வலையைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் கூஜா சிமுலேட்டரில் ரேடியோ விழித்திருந்தது நூற்றில் ஒரு பங்கு நேரம்தான். சரி என்று மாடி தேடக் கிளம்பினேன்.

“இன்னாப்பா இது, கேமராவா?”

“இல்லக்கா, கால்வாயில தண்ணி எவ்ளோ ஏறுதுன்னு சொல்ற மெஷின்.”

“போன வருஷமே வெச்சிருக்கலாம்ல!”

மாடிக்கு வந்ததும் கணக்கு தலைகீழானது. யாரும் எதுவும் அனுப்பாத நேரத்திலும் ரேடியோ விழித்துக்கொண்டே இருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வீட்டுக்கொரு வைஃபை, அதுவும் நம் ரேடியோ இருக்கும் அதே அலைப்பட்டையில். கண்திறக்கும்போது கருவி பார்ப்பது அலைவரிசையில் சக்தி இருக்கிறதா என்பதை மட்டும்; அது நம் ஆள் குரலா, பக்கத்து வீட்டு சீரியலா என்று அதற்குத் தெரியாது. நம் ரேடியோ போடும் அதிகபட்ச சத்தம் 1 மில்லிவாட். ரவுட்டர் சாதாரணமாக 100 வரை போகும்.

முதலில் சேனலை 26-க்கு மாற்றினேன். 2480 மெகாஹெர்ட்ஸில் இருப்பதால் ரவுட்டர்கள் வழக்கமாக உட்காரும் வைஃபை சேனல்கள் 1, 6, 11 மூன்றிலிருந்தும் அது விலகி நிற்கும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. அப்புறம், எவ்வளவு சத்தம் கேட்டால் விழிக்க வேண்டும் என்ற வரம்பை உயர்த்தினேன். இதில்தான் நிதானம் வேண்டும்: கொஞ்சம் அதிகமாக ஏற்றினாலும் தூரத்துக் கருவி கூப்பிடுவது காதில் விழாது. கால்வாய் ஓரத்துக் கருவி அப்படித்தான் காணாமல் போனது. வரம்பை அங்கே மட்டும் குறைப்பதைவிட நடுவில் இன்னொரு மாடி பிடிப்பதே மேல் என்று தோன்றியது, பிடித்தேன். விழிப்பையும் நொடிக்கு 4 ஆக்கினேன். அனுப்புபவர் கூடுதல் நேரம் கத்த வேண்டியிருக்கும்தான். கால் மணிக்கு ஒரு தகவல் போகும் வலையில் அது பெரிய செலவில்லை.

வைவாவில் வெளித் தேர்வாளர் எதிர்பார்த்த கேள்வியையே கேட்டார்: “சேனல் மாறி மாறித் தாவும் டிஎஸ்சிஹெச் 2012-லேயே தரநிலைக்கு வந்துவிட்டதே, ஏன் அதை எடுக்கவில்லை?” இந்தக் கருவியின் 10 கிலோபைட் ரேமில் அதையும், தகவல் எந்த மாடி வழியாகப் போவது என்று பார்க்கும் ரூட்டிங்கையும் சேர்த்துத் திணிப்பது இழுபறி என்றேன். நினைவகத்தில் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற பட்டியலையும் காட்டினேன். ஒத்துக்கொண்டார். இந்த வருடம் ஜூனியர்கள் 865 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பட்டைக்கும் உரிமம் தேவையில்லை, ரவுட்டர் சண்டையும் கிடையாது. ஆனால் அதே மாடிகளுக்கு அவர்கள் புதிதாக அனுமதி கேட்க வேண்டும்.