ராஜ்கோட்டில் பிறந்தவர் போட்ட கோல்

“மாமா, நீங்க ராஜ்கோட் போயிருக்கீங்களா?”

போயிருக்கிறேனாவா? இருபது வருடமாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் பவுண்டரி வைத்திருப்பவன் ராஜ்கோட் போகாமல் காலம் தள்ள முடியாது. பம்ப்செட் விஷயத்தில் இரண்டு ஊரும் பங்காளிகள் மாதிரி. கொடுக்கல் வாங்கலும் உண்டு, முகம் கொடுத்துப் பேசாத நாட்களும் உண்டு. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டது வியாபாரி இல்லை, வுல்வர்ஹாம்ப்டனில் இருக்கும் தங்கையின் பத்து வயது மகள். சமையலறை மேசையில் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் பள்ளி நோட்டு விரித்திருந்தது. அவளுக்கு அந்த ஊர்க் கால்பந்து அணியான வுல்வ்ஸ் என்றால் உயிர்.

“உலகத்துலயே ஃபர்ஸ்ட் இன்டர்நேஷனல் கோல் போட்டவர் அங்கதான் பொறந்தாராம், தெரியுமா?”

தெரியாது. ராஜ்கோட் என்றால் எனக்கு டீசல் இன்ஜின், காந்தி படித்த பள்ளி, மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகிற ஊர், அவ்வளவுதான். அந்த ஊரில் எத்தனையோ தடவை காந்தியடிகளின் குடும்பம் வாழ்ந்த வீட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன். கால்பந்தைப் பற்றி ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்ததில் பாப்பா சொன்னது சரிதான். வில்லியம் கெனியன்-ஸ்லேனி. 1847 ஆகஸ்ட் 24ஆம் தேதி ராஜ்கோட்டில் பிறந்தவர். அப்பா பம்பாய் குதிரைப்படையில் கேப்டன். அப்போது குடும்பப் பெயர் வெறும் கெனியன்தான். அம்மா வழித் தாத்தா 1862இல் இறந்தபோது ஷ்ராப்ஷயரில் இருந்த அவருடைய சொத்து இவர்களிடம் வந்தது, கூடவே ஸ்லேனி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. நம் பக்கம் தத்துப் போனால் இனிஷியல் மாறுவது மாதிரி. ஈட்டன் பள்ளி, கொஞ்ச காலம் ஆக்ஸ்ஃபர்ட், 1867இல் கிரெனேடியர் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரி. விடுமுறை கிடைத்தால் பந்து.

அந்த ஷ்ராப்ஷயர் வீடு எங்கே என்று பார்த்தால், தங்கை வீட்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம்! இங்கிலாந்து வந்ததே அயர்ன் பிரிட்ஜ் என்கிற பழைய வார்ப்பிரும்புப் பாலத்தைப் பார்க்கத்தான். அதுவும் அதே பக்கம். சனிக்கிழமை மாப்பிள்ளைக்குக் காலை ஷிஃப்ட். “நீங்க ரெண்டு பேரும் ட்ரெய்ன்ல போயிருங்க மச்சான், மத்தியானம் நான் காரோட வந்து பிக்கப் பண்ணிக்கறேன்” என்றார். சரி என்று பாப்பாவும் நானும் கிளம்பினோம்.

கோட்ஸால், ஆல்பிரைட்டன், காஸ்ஃபர்ட், அப்புறம் ஷிஃப்னல். ஊரின் நடுத்தெருவுக்கு மேலேயே ரயில் பாலம் போகிறது. முன்பதிவு செய்திருந்த டாக்சி வரவில்லை. பத்து நிமிடம் என்றது, இன்னும் பத்து நிமிடம் என்றது, கடைசியில் ரத்து என்று செய்தி வந்தது. இங்கிலாந்து என்றால் எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும். நடந்தோம். ரைட்டன் கிராமம் வரைக்கும் சுமார் ஐந்து கிலோமீட்டர். ஓரமாக நடக்கப் பாதை இல்லாத குறுகல் சாலை, இரண்டு பக்கமும் ஆளுயர வேலி. கார் வரும்போதெல்லாம் பாப்பாவை வேலிக்குள் தள்ளிவிட்டு நானும் ஒண்டிக்கொள்வேன்.

வழியில்தான் ஹாட்டன் கிரேஞ்ச், அவருடைய வீடு. தனியார் சொத்து. கேட்டில் நின்று எட்டிப் பார்க்க மனம் வரவில்லை, தாண்டிப் போய்விட்டோம். ஆனால் அந்த வீட்டைப் பற்றிப் படித்த ஒரு விஷயம் என்னைத் தூக்கிப் போட்டது. 1760களில் ஸ்லேனி குடும்பத்துக்கு அதைக் கட்டிக் கொடுத்த பிரிட்சர்ட் என்கிற கட்டடக் கலைஞர்தான் அயர்ன் பிரிட்ஜுக்கும் வரைபடம் போட்டவர்! அவரைத் தேடித்தான் நான் ஏழு கடல் தாண்டி வந்ததே.

ரைட்டனில் கெனியன்-ஸ்லேனியைப் புதைத்தது புனித ஆண்ட்ரூ தேவாலய வளாகத்தில். 1908 ஏப்ரலில், அறுபது வயதில் இறந்தார். போய்ச் சேர்ந்தபோது வளாகத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கற்களில் மஞ்சளும் சாம்பலுமாகப் பாசி பூத்துப் போய், எழுத்து இருக்கும் இடத்தை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாப்பா செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, நிழல் விழவைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். நல்ல வித்தை. வார்ப்பில் கீறல் இருக்கிறதா என்று எங்கள் பட்டறையில் பார்ப்பதும் இப்படித்தான். “கே இருக்கு மாமா!” என்று ஒரு தடவை கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் வேறு யாரோ. இருபத்தைந்து கல் பார்த்திருப்போம், அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தேவாலயக் கதவோரம் ஒதுங்கி, தங்கை கட்டிக் கொடுத்த புளிசாதத்தைத் தின்றோம். கல்லறையைக் கண்டுபிடிக்கவில்லை. ஐம்பது அடிக்குள் எங்கேயோ இருந்திருப்பார்.

மாப்பிள்ளை வந்து ஏற்றிக்கொண்டார், பாலத்துக்குப் போனோம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே கொஞ்சம் மட்டும். 378 டன் வார்ப்பிரும்பு, செவர்ன் ஆற்றுக்கு மேலே முப்பது மீட்டர் வளைவு. 1779இல் நிறுத்தினார்கள். பிரிட்சர்ட் அதற்கு முன்பே 1777இல் இறந்துவிட்டார், வார்த்து முடித்தவர் மூன்றாம் ஆபிரகாம் டார்பி. இரும்பில் பாலம் கட்டி அதுவரை யாருக்கும் பழக்கம் இல்லை. அதனால் ஜன்னல் சட்டத்துக்கு ஆசாரி எப்படிக் கழுந்து செதுக்கித் துளையில் அறைந்து ஆப்பு வைப்பாரோ, அப்படியே இரும்பிலும் செய்திருக்கிறார்கள். மர வேலையை இரும்பில் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. மாப்பிள்ளை காபி குடித்து முடித்துவிட்டு இரண்டு தடவை ஹார்ன் அடித்தார், நான் நகரவில்லை.

ஊருக்குத் திரும்ப விமானம் லண்டனிலிருந்து. கையில் ஒரு நாள் இருந்தது. நேராக ஓவல், அந்தக் கோல் விழுந்த கிரிக்கெட் மைதானம்.

ஓவல் ரயில் நிலையத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து, தினம் ஒரு பொன்மொழி எழுதிப்போடுகிறார்கள். நம் அரசுப் பேருந்தில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் திருக்குறள் இருக்குமே, அதேதான். வெளியே வந்து இரண்டு நிமிடம் நடந்தால் மைதானம். அன்று கவுன்டி ஆட்டம், கூட்டம் குறைவு. சீட்டு வாங்கி உள்ளே போய், பழைய கேஸ் டேங்கின் இரும்புக் கூடு தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். கூட்டுக்குள் இப்போது அடுக்குமாடி வீடு கட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த இரும்பைப் பார்க்கவே ஒரு மணி நேரம் போதும்.

எங்கள் அப்பாவுக்கு ஓவல் என்றால் 1971. அஜித் வாடேகர் அணி இங்கிலாந்து மண்ணில் முதன்முதலாக டெஸ்ட் ஜெயித்தது, சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட், நம்ம வெங்கட்ராகவன் அதே அணியில். விநாயகர் சதுர்த்தி என்று யாரோ ரசிகர்கள் செசிங்டன் மிருகக்காட்சி சாலையிலிருந்து பெல்லா என்ற யானையை மைதானத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். இந்தக் கதையை அப்பா வருடத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார். ஜெயித்த தேதி ஆகஸ்ட் 24. அது கெனியன்-ஸ்லேனியின் பிறந்தநாள் என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

சரி, கோலுக்கு வருவோம்.

1873 மார்ச் 8, இதே மைதானம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் அதற்கு முந்தைய நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த முதல் அதிகாரபூர்வ ஆட்டம் கோலே இல்லாமல் முடிந்திருந்தது. இந்தத் தடவை ஸ்காட்லாந்திடம் காசு இல்லை. கிளாஸ்கோவிலிருந்து எட்டுப் பேருக்குத்தான் ரயில் செலவு தேறியது. மீதி மூன்று பேரை லண்டன் பக்கத்திலேயே பிடித்தார்கள், அதில் இரண்டு பேர் ராயல் இன்ஜினியர்ஸ் ராணுவப் பிரிவின் அதிகாரிகள். ஊரில் டோர்னமென்ட்டுக்கு ஆள் குறைந்தால் மெஸ்ஸில் சாப்பிடுகிறவனை இழுத்து வருவோமே, அந்தக் கதைதான்.

அன்றைய ஆட்டத்தை இன்றைய டிவி ஆட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. கோலுக்கு வலை கிடையாது. பெனால்டி கிடையாது. ஒவ்வொரு கோலுக்கும் அப்புறம் இரண்டு அணியும் பக்கம் மாற வேண்டும். பந்து கிடைத்தவன் முடிந்தவரை தானே கொண்டுபோவான், மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். இங்கிலாந்தின் கேப்டனும் கோல்கீப்பருமான மார்ட்டனுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள் சுமார் 3,000 பேர்.

தொடங்கிய சூட்டோடு கெனியன்-ஸ்லேனி கோல் போட்டுவிட்டார். உலகத்தில் எந்த நாட்டுக்காக யார் கோல் போட்டாலும் அந்த வரிசையில் முதல் ஆள் இவர்தான். பான்சர் இரண்டாவதைப் போட்டார். அப்புறம் ஸ்காட்லாந்து எழுந்தது. அவர்களுடைய முதல் கோல், அதாவது ஸ்காட்லாந்தின் சரித்திரத்திலேயே முதல் கோல், ஹென்றி ரென்னி-டெய்லியர் போட்டது. ராயல் இன்ஜினியர்ஸ் லெஃப்டினன்ட். அவர் பிறந்த ஊர் எது என்று பார்த்தேன். முசோரி! இரண்டு நாட்டுக்கும் கணக்கைத் தொடங்கி வைத்த இருவருமே ராணுவ அதிகாரிகள், இருவருமே இந்தியாவில் பிறந்தவர்கள். இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

2-2 ஆனது. கெனியன்-ஸ்லேனி இன்னொன்று போட்டார், செனரி ஒன்று. 4-2. இங்கிலாந்துக்காக அவர் ஆடிய ஒரே ஆட்டம் இதுதான். ஓர் ஆட்டம், இரண்டு கோல், முடிந்தது. மூன்று வாரம் கழித்து வாண்டரர்ஸ் அணியோடு எஃப்.ஏ. கோப்பையையும் ஜெயித்தார். (இது லண்டன் வாண்டரர்ஸ். பாப்பாவின் வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் வேறு, இதை அவளுக்குப் புரியவைக்க ஒரு மாலை போனது.) 1875 கோப்பை இறுதியிலும் இதே ஓவலில் ராயல் இன்ஜினியர்ஸ் அணியில் முசோரிக்காரரும், ஈட்டன் பழைய மாணவர் அணியில் ராஜ்கோட்காரருமாக எதிரெதிரே நின்றார்கள். 1-1. மறு ஆட்டத்தில் ராயல் இன்ஜினியர்ஸ் 2-0 என்று ஜெயித்தது. இரண்டு நாளும் முசோரிக்காரர் கோல் போட்டார். அவர் பிற்பாடு டப்ளினில் கின்னஸ் மதுபானக் கம்பெனிக்கு நிர்வாக இயக்குநர் ஆனார், அது தனிக் கதை.

அன்று ஆடிய எல்லோருக்கும் இப்படி நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை. இங்கிலாந்து அணியில் இருந்த ஆல்ஃபிரட் குட்வின், அவரும் ராயல் இன்ஜினியர்ஸ்தான், அடுத்த ஆண்டு 1874 மார்ச்சிலேயே ரூர்க்கியில் இறந்துபோனார்.

கெனியன்-ஸ்லேனிக்குக் கால்பந்து வேலைக்கு நடுவே கிடைத்த பொழுதுபோக்கு. வேலை என்றால் போர். 1882இல் எகிப்துக்குப் போய் தெல் எல் கபீர் சண்டையில் இருந்தார். அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்கு எங்கள் பெரியப்பா ஞாபகம். அவர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், ராணுவத்தில் ‘தம்பி’ என்று கூப்பிடுவார்களே அந்தப் படை. அதன் போர்ச் சிறப்புகளில் தெல் எல் கபீரும் ஒன்று. அதே 1882 செப்டம்பர் 13, விடியற்காலை, அதே மணல். ராஜ்கோட்டில் பிறந்த வெள்ளைக்கார அதிகாரி ஒரு பக்கம், நம்ம ஊர்த் தம்பிகள் இன்னொரு பக்கம். எகிப்துக்காரர்களுக்கு இந்த இரண்டு பேரோடும் என்ன விரோதம் என்று பெரியப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

1886 முதல் சாகும்வரை நாடாளுமன்ற உறுப்பினர். 1902 கல்விச் சட்டத்தில் ‘கெனியன்-ஸ்லேனி பிரிவு’ என்று ஒன்று வந்தது. தேவாலயப் பள்ளிகளில் மதபோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பாதிரியார் மட்டும் தனியாக முடிவு செய்யக் கூடாது, நிர்வாகக் குழுவே முடிவு செய்யும் என்பது சாரம். பாதிரிமார்கள் கொதித்துப் போனார்கள். அவர் காலத்து ஆட்களுக்கு அவர் பெயர் தெரிந்தது இந்தச் சண்டையால்தான். கோல் எல்லாம் சின்ன வயதில் விளையாடிய விளையாட்டு. என்னைக் கேட்டால் அந்தச் சட்டப் பிரிவை இன்றைக்கு யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? பத்து வயதுப் பெண் நோட்டில் எழுதிவைத்திருப்பது கோலைத்தான்.

தேநீர் இடைவேளையில் மைதானத்தைப் படம் எடுத்து, ராஜ்கோட்டில் இருக்கும் பழைய டீலர் நண்பருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். ‘உலகின் முதல் சர்வதேச கோல் இங்கேதான், போட்டவர் உங்கள் ஊர்க்காரர்’ என்று அடியில் எழுதினேன். அவர் புஜாரா பிறந்த ஊர்க்காரர், பதிலும் அப்படித்தான் வந்தது.

‘கால்பந்தா? கிரிக்கெட் ஆட மாட்டாரா?’

‘ஆடியிருக்கிறார், எம்.சி.சி.க்கு’ என்று போட்டேன்.

‘அப்போ எங்க ஊர்தான்’ என்று வந்தது.