ஐசி எண்ணிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் எழுத்தைத் திருத்திக்கொள்ள வந்து உட்கார்ந்தால், முத்து முத்தாக எழுத வேண்டும் என்பது அவர் ஆசையாக இருப்பதில்லை. கிளினிக் கவுண்டரில் "ஐயா, இது நாலா, ஒன்பதா?" என்று கேட்கக் கூடாது. பேரப்பிள்ளையின் பள்ளிப் பாரத்தை (படிவத்தை) தானே நிரப்பிக் கொடுக்க வேண்டும். அவருக்கு இந்த இரண்டும் போதும். சொல்லிக்கொடுப்பவரும் இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அகரத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிப்பதுதான் இதில் பெரிய தவறு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்துவிட்டுப் பால்மரக் காட்டுக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, வேலைக்குப் போனவருக்கு எழுத்து தெரியும். கைதான் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. முதல் நாள் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, பெயர், ஐசி எண் (அடையாள அட்டை எண்), வீட்டு முகவரி, கடையில் வாங்க வேண்டிய ஐந்து சாமான் ஆகியவற்றை வழக்கம்போல் எழுதச் சொல்லுங்கள். தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தாளை அவரைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், வாசிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் வேலை இருக்கிறது. பெரும்பாலும் ஏழெட்டு எழுத்தும் மூன்று நான்கு இலக்கங்களும்தான் தேறும். 247 எழுத்தையும் திருத்த வேண்டியதில்லை.

அடுத்து அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து விரலில் புடைத்துத் தட்டுப்பட்டால் அவர் பேனாவை அழுத்துகிறார் என்று பொருள். பால்மரம் வெட்டும் உளிக்கத்தியும் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை அறுக்கும் அரிவாள் கம்பும் பிடித்த கைக்கு முழுக் கையால் இறுக்கிப் பிடிப்பதுதான் பழக்கம். பேனாவையும் அப்படியே பிடிக்கும்போது எழுத்து விரலிலிருந்து வராமல் தோளிலிருந்து வருகிறது. பத்து வரியில் கை கடுக்கும், எழுத்துப் பெரிதாகிக்கொண்டே போகும். "கை வர மாட்டேங்குது டீச்சர்" என்று சொல்வது இதைத்தான். "மெதுவாப் பிடிங்க அண்ணே" என்று நூறு முறை சொன்னாலும் பிடி தளராது. பேனாவின் பிடியில் இரண்டு ரப்பர் பேண்டைச் சுற்றித் தடிமனாக்குங்கள். தடித்த தண்டை இறுக்க வேண்டிய தேவை குறைகிறது. எழுதும் தாளுக்கு அடியில் நாலைந்து தாள் மெத்தைபோல் இருக்கட்டும். பிறகு 0.5 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அழுத்தினால் ஊசி முறிந்துவிடும். நாம் வாய் திறக்க வேண்டியதில்லை, பென்சிலே சொல்லிவிடும். முறியாமல் மூன்று வரி வந்ததும் பேனாவுக்குத் திரும்பலாம்.

உட்காரும் இடமும் முக்கியம். தமிழ்ப்பள்ளியின் முதலாம் வகுப்பு மேசையில் பெரியவர்களை உட்கார வைக்காதீர்கள். முழங்கால் இடிக்கும், முதுகு வளையும், அதைவிட மனம் கூசும். முழங்கை உயரத்துக்கு மேசை, தரையில் பதியும் பாதம், வலக்கைக்காரருக்கு இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம். தாளை நேராக வைக்காமல், கீழ் இடது மூலை நெஞ்சைப் பார்க்கும்படி சற்றுச் சாய்க்க வேண்டும். இடக்கைக்காரருக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் கூடுதலாக. நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது இயல்பு. தாளைத் தள்ளித் தள்ளிப் பிடிப்பவருக்கு முதலில் தேவை கண்ணாடி, அப்புறம்தான் பயிற்சி.

எழுத்துக்கு முன் இலக்கம். அதிலும் ஐசி எண். பன்னிரண்டு இலக்கமும் அவருக்கு மனப்பாடம் என்பதால் என்ன எழுதுவது என்று மூளை தேட வேண்டியதில்லை, முழுக் கவனமும் உருவத்தின் மேல் போகும். ஆறு, இரண்டு, நான்கு என்று பிரித்து, நடுவில் கோடு போட்டு எழுதச் சொல்லுங்கள்: பிறந்த ஆண்டு, மாதம், நாள்; பிறகு மாநில எண், பேராக்கில் பிறந்தவருக்குப் பெரும்பாலும் 08; கடைசி நான்கு. பூஜ்யத்தின் வாய் மூடாமல் விட்டால் 6 ஆகும். 4-இன் தலை மூடினால் 9 ஆகும். 1-க்கு நெற்றியில் நீண்ட கொடி போட்டால் 7 ஆகும். 7-இன் நடுவில் ஒரு சிறு குறுக்குக்கோடு போட்டால் குழப்பம் தீரும். ஐசியில் வராத இலக்கங்கள் பெரும்பாலும் தொலைபேசி எண்ணில் வந்துவிடும். பயிற்சி முடிந்ததும் அந்தத் தாள்களைக் கிழித்துப் போட மறக்க வேண்டாம், எழுதியிருப்பது உண்மையான எண்.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கு இதில் காசும் இருக்கிறது. பல தோட்டங்களில், வெட்டிய குலையின் காம்பு முகத்தில் வெட்டியவர் தன் எண்ணை எழுதுகிறார். நார் நாராக, ஈரமாக இருக்கும் அந்த இடத்தில் வளைவு வழுக்கும். அங்கே 3-ஐயும் 8-ஐயும் பெரிதாக, இரண்டு அசைவில் எழுதப் பழக வேண்டும். கணக்கெடுக்கும் மண்டோர் (மேற்பார்வையாளர்) 3-ஐ 8 என்று படித்தால் அன்றைய கூலி வேறொருவர் பெயரில் ஏறிவிடும்.

பாரம் நிரப்புவது தனிப் பாடம். "ஹுருஃப் பெசார்" என்று போட்டிருந்தால் ரூமியின் (மலாய் எழுதும் ஆங்கில எழுத்தின்) பெரிய எழுத்து மட்டும்தான், நடுவில் சின்ன எழுத்து கலக்கக் கூடாது. ஐந்து மில்லிமீட்டர் அகலம், ஏழு உயரம் என்று ரூலரால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து, பெயருக்கும் பெயருக்கும் நடுவில் ஒரு வெற்றுக் கட்டம். அப்பா பெயருக்கு முன், 'இன்னாரின் மகன்' என்ற பொருளில் வரும் ஏ, சாய்கோடு, எல் (A/L) மூன்றும் அதிகம் கெடுகின்றன. சாய்கோடு நிமிர்ந்துவிட்டால் அதுவும் ஓர் எழுத்தாகி, மூன்றும் சேர்ந்து ஒரே சொல்லாகத் தெரியும். கோடு நன்றாகச் சாயட்டும், இருபுறமும் மூச்சுவிட இடம் இருக்கட்டும். பெயரின் எழுத்துக்கூட்டு ஐசியில் உள்ளபடியேதான். அந்தக் காலத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதியதில், அண்ணன் தம்பிக்கே அப்பா பெயர் இரண்டு விதமாக இருக்கும். சரியான எழுத்துக்கூட்டு இதுதான் என்று நாம் திருத்தப் போனால் வங்கியில் மாட்டிக்கொள்வது அவர்தான்.

தமிழுக்கு வருவோம். வாசிக்க முடியாமல் போவதற்குப் பெரிய காரணம் புள்ளி. சொல்லை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் திரும்பி வந்து புள்ளி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. வைக்கும்போது ஓர் எழுத்து இடப்பக்கம் நகர்ந்தால் 'மரம்' என்பது 'மர்ம' ஆகிவிடும். எழுத்தை முடித்த கையோடு புள்ளியை வைத்துவிட்டுத்தான் அடுத்த எழுத்து. அடுத்தது கொம்பு. அது தன் எழுத்தை ஒட்டாமல் விலகி நின்றால் கண் அதை முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடும். மூன்று சுழி ண அவசரத்தில் ஒரு சுழியை விட்டு ன ஆவதும், துணைக்காலுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் இல்லாமல் போவதும் உண்டு. ர-வின் காலடியில் சின்னச் சாய்வு விழ வேண்டும். 'கி', 'மி' போன்றவற்றின் விசிறிக்கு மேலே, 'கு', 'மு' போன்றவற்றின் வாலுக்குக் கீழே இடம் வேண்டுமென்பதால் ஒரு கோடு விட்டு ஒரு கோடு எழுதச் சொல்லுங்கள்.

மூத்தவர்கள் சிலர் லை, னை, ணா போன்றவற்றைப் பழைய வடிவில் எழுதுவார்கள். தமிழ்நாட்டில் 1978-இல் மாற்றிய பதின்மூன்று எழுத்துகள் அவை. அவை பிழை அல்ல. சிறுவயதில் கற்ற எழுத்து. கை தயங்காமல் வருகிறதென்றால் விட்டுவிடுங்கள். ஒரே வரியில் இரண்டு வடிவமும் கலந்தால் மட்டும், எது அவருக்கு வசதி என்று கேட்டு ஒன்றை நிலைப்படுத்துங்கள்.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள். முதல் மூன்று நிமிடம் சுழியும் சாய்கோடுமாக இரண்டு வரி, கை இளக. அடுத்த பத்து நிமிடம் இரண்டே இரண்டு எழுத்து. மீதியில் அந்த எழுத்துகள் வரும் உண்மையான எழுத்துவேலை: சாமான் பட்டியல், மருந்து நேரம், அர்ச்சனைச் சீட்டுக்குப் பெயர், ராசி, நட்சத்திரம். வேலை முடிந்த சூட்டோடு வேண்டாம். பால்மரம் வெட்டுபவர் மதியம் தூங்கி எழுந்து நாலரை மணிக்கு உட்கார்ந்தால் கை நிதானமாக இருக்கும். சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள். ஒரு வரி முழுக்க எழுதியபின், "இதுல எது நல்லா வந்திருக்கு அக்கா?" என்று கேட்டு அவரையே வட்டம் போடச் சொல்லுங்கள். தன் கண்ணால் தேர்ந்தெடுத்த வடிவத்தைத்தான் கை மறுநாள் தேடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, முதல் நாள் எழுதியதையே மறுபடி எழுதி இரண்டு தாளையும் பக்கத்தில் வையுங்கள். வேகம் அப்புறம் வரும்.

எழுத்து திடீரென்று மாறினாலோ, விரல் மரத்துப்போனாலோ, எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தாலோ மட்டும் பயிற்சியை நிறுத்திக் கிளினிக்குக்கு அனுப்ப வேண்டும். விரல் மரத்துப்போவதற்கு நீரிழிவோ மணிக்கட்டு நரம்பு அழுத்தமோ காரணமாக இருக்கலாம். வரி போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வருவது பார்க்கின்சன் நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

கையொப்பத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து திருந்திய உற்சாகத்தில் புதுக் கையொப்பம் போட்டால், வங்கியில் இருக்கும் பழைய மாதிரியோடு ஒத்துப்போகாது. பழையதையே போடட்டும். மாற்றியே ஆகவேண்டுமென்றால் புதியதை இரண்டு வாரம், நாளுக்கு ஐந்து முறை போட்டு, ஐந்தும் ஒன்றுபோல் வந்த பிறகு ஐசியோடு வங்கிக்குப் போய் மாதிரியை மாற்றிவிட்டு வர வேண்டும்.