பனிக்கட்டிக்கும் நீராவிக்கும் இடையில்: ஒரு கோடை விடுமுறை நாட்குறிப்பு

ஏப்ரல் 26, 2025, மதுரை

செய்முறைத் தேர்வின் கடைசி நாளில் ஒரு மாணவி கேட்ட கேள்வி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. ஒரே முகவையில் இரண்டு பாதரச வெப்பமானிகளை அவள் சேர்த்து இட்டிருந்தாள். ஒன்று 61 டிகிரி காட்டியது; மற்றது 62 காட்டியது. "இதுல எது சரி, சார்?" என்று கேட்டாள். தேர்வு நேரம் என்பதால், ஏதாவது ஒன்றையே கடைசிவரை பயன்படுத்துமாறு சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டேன். அது பதிலாகாது என்பது எனக்கும் தெரியும். அவள் பார்த்த பார்வையிலிருந்து அவளுக்கும் தெரிந்திருந்தது.

விடுமுறையில் ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு பாதரச வெப்பமானிகளுக்கும் அ, ஆ என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன். அவற்றுடன் ஒரு பிளாட்டின மின்தடை வெப்பமானி, மல்டிமீட்டருடன் வந்த கே வகைத் தெர்மோகப்பிள் (வெவ்வேறு உலோகக் கம்பிகள் இரண்டை நுனியில் இணைத்த உணரி), தொடாமலே அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஆகியவையும் உள்ளன. ஐந்தையும் ஒவ்வொன்றாக விசாரித்து, நடந்ததை இங்கே எழுதி வரலாம் என்று எண்ணம்.

தொடங்கும்போதே ஒன்றைக் குறித்துக்கொள்கிறேன். மூன்றாவது ஒன்றோடு தனித்தனியே வெப்பச் சமநிலையில் உள்ள இரண்டு பொருள்கள் தமக்குள்ளும் சமநிலையில் இருக்கும் என்னும் வெப்ப இயக்கவியலின் சுழி விதியை ஆண்டுதோறும் பத்து நிமிடத்தில் நடத்திவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். வெப்பமானி காட்டுவது அதன் சொந்த வெப்பநிலையை மட்டுமே. அளக்கப்படும் பொருளோடு அது சமநிலைக்கு வந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொள்வதால்தான் அந்த எண்ணைப் பொருளின் மீது ஏற்றிச் சொல்கிறோம். அந்த நம்பிக்கை எங்கெல்லாம் பொய்க்கிறது என்பதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போகிறேன்.

ஏப்ரல் 29

இன்று பனிக்கட்டி. எளிய வேலை என்று நினைத்துப் போனேன். முற்பகல் முழுவதும் வீணானது.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பனிக்கட்டித் துண்டுகளைத் தெர்மாஸ் பிளாஸ்கில் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றி, ஆ வெப்பமானியை அடிவரை இறக்கினேன். அது 3 டிகிரிக்கு மேல் காட்டியது. பிளாட்டின வெப்பமானியும் ஏறக்குறைய அதையே காட்டியபோதுதான் தவறு கருவியில் இல்லை என்று புரிந்தது. தண்ணீருக்கு அடர்த்தி மிகுவது 4 டிகிரி அளவில். பனிக்கட்டி மேலே மிதக்க, 4 டிகிரியை ஒட்டிய நீர் கனத்தால் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. வெப்பமானிகள் இரண்டும் தாம் நின்ற இடத்தின் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

பிற்பகலில் முறையாகச் செய்தேன். காய்ச்சி வடித்த நீரை உறையவைத்து, துணியில் கட்டி நன்றாக நொறுக்கி, பிளாஸ்கை அந்தத் தூளால் அடிவரை நிரப்பி, இடைவெளிகள் நனையும் அளவுக்கு மட்டும் அதே நீரின் குளிர்ந்த பகுதியை ஊற்றினேன். உருகிச் சேரும் நீரை அவ்வப்போது வடித்துவிட்டு மேலும் தூளைத் திணிக்க வேண்டும். இப்படிச் செய்த குழைவு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்குள் 0 டிகிரியில் நிற்கும். பத்து ரூபாய்ச் செலவில் கிடைக்கும் இவ்வளவு துல்லியமான வேறொன்று ஆய்வகத்தில் இல்லை.

முடிவு: அ −0.4 காட்டுகிறது, ஆ +0.6 காட்டுகிறது. மாணவி கண்ட ஒரு டிகிரி வேறுபாடு இங்கேயே அகப்பட்டுவிட்டது. அவள் கேள்விக்கான பதில், இரண்டுமே சரியில்லை என்பதுதான்.

மே 1

ஆ ஏன் மேலே ஏறியது? அதன் வயது காரணமாக இருக்கலாம். ஊதிச் செய்த கண்ணாடிக் குமிழ் பல ஆண்டுகளாக மிக மெதுவாகச் சுருங்கிக்கொண்டே வரும். குமிழ் சுருங்கினால் பாதரசம் தண்டில் மேலே தள்ளப்படும். ஆற்றல் மாறாக் கோட்பாட்டோடு நாம் நினைவுகூரும் ஜூல், தம் வெப்பமானி ஒன்றின் பனிப்புள்ளியை, அதாவது உருகும் பனிக்கட்டியில் அது காட்டும் அளவை, 1844 முதல் 1882 வரை விடாமல் பார்த்துக் குறித்துவந்தார். அது கடைசிவரை ஏறிக்கொண்டேதான் இருந்தது. ஒரே கண்ணாடிக் குழாயோடு 38 ஆண்டுகள்! அவருடைய மற்றச் சோதனைகளைவிட இந்தப் பொறுமைதான் எனக்கு வியப்பளிக்கிறது.

சுவீடன் வானியலாளர் செல்சியஸ் 1742இல் முன்வைத்த அளவில் நீர் கொதிப்பது 0, பனிக்கட்டி உருகுவது 100. தலைகீழாக இருந்த அது, 1744இல் அவர் இறந்ததை ஒட்டிய காலத்தில் இன்றைய வடிவத்துக்குத் திருப்பப்பட்டது. கொதிநிலை காற்றழுத்தத்தோடு மாறும் என்பதை அவர் தம் கட்டுரையிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார் என்பது பாடநூல்களில் வருவதில்லை.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. நாளிதழ்கள் இனி "வெயில் சதமடித்தது" என்று எழுதத் தொடங்கும். நாடு செல்சியசுக்கு மாறி இவ்வளவு காலமான பிறகும் நம் வெயிலும் காய்ச்சலும் மட்டும் பாரன்ஹீட்டிலேயே இருக்கின்றன. சதம் என்பது 100 டிகிரி பாரன்ஹீட், அதாவது 37.8 டிகிரி செல்சியஸ். செல்சியசில் சதமடித்தால் செய்தி எழுத ஆளிருக்காது.

மொட்டை மாடியில் பிற்பகல் இரண்டு மணிக்கு, நிழலில் அ வெப்பமானி திருத்தத்துக்குப் பின் 37.5 காட்டியது. அதையே வெயிலில் பிடித்தபோது 43ஐத் தாண்டியது. மெல்லிய கம்பிமுனை கொண்ட தெர்மோகப்பிள் அதே வெயிலில் 40க்கு அருகில் நின்றது. காற்று இரண்டுக்கும் ஒன்றுதான். பருத்த குமிழ் வாங்கிய வெயிலை எளிதில் காற்றிடம் ஒப்படைப்பதில்லை. சிறிய முனை ஒப்படைத்துவிடுகிறது. ஆகவே "வெயிலில் 43 டிகிரி" என்று கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புவோர் அளந்தது தங்கள் கருவி எவ்வளவு சூடேறியது என்பதைத்தான்.

வானிலை நிலையங்களில் உள்ள வெள்ளையடித்த, பலகணிச் சட்டம் போட்ட மரப்பெட்டி இதற்காகத்தான். கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860களில் வடிவமைத்தது அது. தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்துக்குள், வெயிலும் தரைச் சூடும் நேரே படாமல், காற்று மட்டும் புகுந்து போகும்படி வெப்பமானி உள்ளே இருக்கும்.

மே 8

இன்று நீராவி. பனிப்புள்ளி சரியாக இருப்பதால் மட்டும் ஒரு வெப்பமானி அளவு முழுவதும் சரியாக இருந்துவிடாது. மேல்முனையையும் பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மதுரையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 1990ஆம் ஆண்டின் பன்னாட்டு வெப்பநிலை அளவின்படி பார்த்தால், முழு வளிமண்டல அழுத்தத்திலும்கூட அது 99.974 டிகிரியில்தான் கொதிக்கிறது. அதற்கு மேல், அழுத்தம் 27 மி.மீ. பாதரசம் குறைந்தால் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்கும். எனவே முதலில் பாரமானியைப் பார்த்தாக வேண்டும்.

ஆய்வகத்தின் பார்ட்டின் பாரமானி, அதாவது பாதரசத் தம்பத்தின் உயரத்தால் காற்றழுத்தத்தை அளக்கும் கருவி, 749.5 மி.மீ. காட்டியது. அறையின் வெப்பநிலை 34 டிகிரி. பாரமானிக்குள் இருக்கும் பாதரசமும் விரிவடைந்திருக்கும் என்பதால் அதற்காக 4.2 மி.மீ. குறைக்க வேண்டும், நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதால் மேலும் 1.9 மி.மீ. குறைக்க வேண்டும். மிஞ்சியது 743.4. இதன்படி இன்றைய கொதிநிலை 99.36 டிகிரி. இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது: வெப்பமானியைச் சரிபார்க்கப் பாரமானி தேவை, பாரமானியைத் திருத்த இன்னொரு வெப்பமானி தேவை. நல்லவேளையாக, அந்த இன்னொரு வெப்பமானி ஒரு டிகிரி பிசகினாலும் முடிவில் நூறில் அரைப் பங்களவு பிழைகூடச் சேராது என்பதால் இந்த வட்டத்திலிருந்து வெளியே வந்துவிடலாம்.

ஆ வெப்பமானியைத் தக்கை வழியாகக் குடுவைக்குள் செருகி, கொதிநீரில் படாமல் ஆவியில் மட்டும் நிற்கவைத்தேன். அது 99.6 காட்டியது. ஆனால் தண்டில் ஏறக்குறைய 40 டிகிரி நீளப் பாதரசம் தக்கைக்கு வெளியே, சராசரியாக 45 டிகிரிச் சூட்டில் நின்றது. குமிழைப் போல அது விரியவில்லை. கண்ணாடிக்குள் பாதரசம் ஒரு டிகிரிக்கு விரியும் பங்கைச் சொல்லும் கெழு 0.00016. அதை 40 ஆலும், ஆவிக்கும் தண்டுக்கும் உள்ள வேறுபாடான 54.6 ஆலும் பெருக்கினால் 0.35 டிகிரி, அதைக் கூட்ட வேண்டும். பனிப்புள்ளிப் பிழையான 0.6ஐக் கழிக்க வேண்டும். வருவது 99.35.

எதிர்பார்த்தது 99.36, கிடைத்தது 99.35. ஒரு டிகிரிக் கோடுகள் போட்ட வெப்பமானியில் இந்த ஒற்றுமை பெரும்பாலும் தற்செயல்தான். பத்தில் ஒரு பங்கையே நான் கண்ணால்தான் மதிப்பிடுகிறேன். இருந்தாலும் தாளில் அந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவிட்டுச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்.

மே 11

பிளாட்டின வெப்பமானி, சூடேற ஏற உலோகத்தின் மின்தடை கூடுவதைக் கொண்டு அளக்கிறது: 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். அதாவது ஒரு டிகிரிக்கு 0.385 ஓம். முதல் முறை அதைச் சாதாரண மல்டிமீட்டரில் இரண்டு கம்பிகளால் இணைத்துப் பார்த்தபோது பனிக்குழைவிலேயே 2 டிகிரி காட்டியது. இணைப்புக் கம்பிகள் ஒவ்வொன்றும் 0.4 ஓம், இரண்டும் சேர்ந்த 0.8 ஓமும் வெப்பநிலையாக மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. நான்கு கம்பி முறையில், இரண்டில் மின்னோட்டம் செலுத்தி, மற்ற இரண்டில் மின்னழுத்தத்தை மட்டும் அளந்தபோது அந்தப் பிழை மறைந்தது. மின்னோட்டத்தை 1 மில்லியாம்பியருக்கு மேல் ஏற்றினாலும் தொல்லைதான்: 10 மில்லியாம்பியரில் கம்பிச்சுருள் 10 மில்லிவாட் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், அளக்க வந்தவனே அடுப்பை மூட்டுவதுபோல.

இன்று உலகின் அளவுக்கூடங்களில் 13.8 கெல்வின் (ஏறத்தாழ −259 டிகிரி செல்சியஸ்) முதல் வெள்ளி உறையும் 961.78 டிகிரி செல்சியஸ் வரையிலான அளவைத் தாங்குவது பிளாட்டினந்தான். அதை நம்பத்தக்க கருவியாக்கியவர் ஹியூ காலண்டர் என்ற ஆங்கில இயற்பியலாளர், ஆண்டு 1887.

தெர்மோகப்பிளைப் பற்றிச் சுருக்கமாக: அது வெப்பநிலையை அளப்பதில்லை, இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாட்டை, டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட் வீதம் சொல்கிறது. மறுமுனை மல்டிமீட்டருக்குள் இருக்கிறது. கருவியைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டே அளந்தால் எண் நகர்வதை இன்று கண்ணால் கண்டேன். 1821இல் இந்த விளைவைக் கண்ட இயற்பியலாளர் சீபெக்கும் திசைகாட்டி முள் அசைந்ததைப் பார்த்துவிட்டு, வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே நம்பினார். மின்னோட்டம் ஓடுகிறது என்பது மற்றவர்கள் சொன்னது.

மே 15

அகச்சிவப்பு வெப்பமானி சமையலறைக்குப் போனது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் பளபளப்பான பக்கத்தில் அதைக் காட்டினால் 48 டிகிரி என்கிறது. அதே பக்கத்தில் ஒட்டிய கருப்பு மின்நாடாத் துண்டில் காட்டினால் 95. கருவி தன் கணக்கில் உமிழ்திறன், அதாவது முழுக் கரும்பொருளோடு ஒப்பிட்டால் ஒரு பரப்பு வெளிவிடும் கதிர்வீச்சின் பங்கு, 0.95 என்று வைத்துக்கொண்டிருக்கிறது. பளபளப்பான எஃகு அதில் சிறு பங்கையே உமிழ்கிறது, மீதிக்கு அறையின் சுவர்களைப் பிரதிபலிக்கிறது. ஆக, பாத்திரத்தையும் அடுக்களைச் சுவரையும் சேர்த்துத்தான் அது படிக்கிறது.

அடுத்த வாரம் வீட்டில் ஒரு விசேஷம் என்பதால் அம்மா அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார். கரண்டி நுனியில் எடுத்த பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "உருட்டுப் பதம் வந்துருச்சு, இறக்கு" என்றார். நான் அதற்குள் தெர்மோகப்பிளை முக்கிவிட்டேன்: 113 டிகிரி. "எழுதி வச்சுக்கிட்டா அடுத்த தடவை தண்ணிக் கிண்ணம் வேண்டியதில்லையே" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

இரவில் யோசித்தபோது நான் சொன்னதுதான் பிழை என்று தோன்றியது. பாகில் நீர் வற்ற வற்ற அதன் கொதிநிலை ஏறுகிறது. 113 என்ற எண் நீர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதன் மறைமுகக் குறிப்பு மட்டுமே. உதகையில் தண்ணீரே 93 டிகிரிக்கு அருகில் கொதிக்கும். அங்கே 113க்குக் காத்திருந்தால் பாகு முறுகிக் கடினமாகிவிடும். தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கும் முறைக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான். காலையில் இதை அம்மாவிடம் சொன்னேன். "அதத்தானே நான் பண்றேன்" என்றார்.

மே 20

இன்று உலக அளவியல் நாள். 2019இல் இதே நாளில்தான் வெப்பநிலையின் அடிப்படை அலகான கெல்வினின் வரையறை மாறியது. அதுவரை நீரின் மும்மைப் புள்ளியை, அதாவது பனிக்கட்டியும் நீரும் ஆவியும் ஒன்றாகச் சமநிலையில் நிற்கும் நிலையை, 273.16 கெல்வின் என்று வைத்து அதிலிருந்து எல்லாவற்றையும் கட்டியிருந்தார்கள். எந்த நீர் என்ற கேள்வி உடனே எழும். நீரிலுள்ள ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதம் மாறினால் அந்தப் புள்ளியும் மிக நுட்பமாக நகரும் என்பதால், கடல்நீரை ஒட்டிய ஒரு விகிதத்தைத் தனியே குறிப்பிட வேண்டியிருந்தது. இப்போது வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் போல்ட்ஸ்மன் மாறிலி 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின் என்று நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. மும்மைப் புள்ளி அளந்தறிய வேண்டிய ஒன்றாகிவிட்டது.

அந்த மாறிலியை அளந்த வழிகளில் எனக்குப் பிடித்தது ஒலியால் அளந்தது. ஏறத்தாழக் கோள வடிவில் கடைந்த செப்புக் கூட்டுக்குள் ஆர்கான் வாயுவை நிரப்பி, அதில் ஒலியின் ஒத்ததிர்வைக் கேட்டு ஒலியின் வேகத்தைக் கண்டார்கள். வாயுவில் ஒலியின் வேகம் அணுக்களின் சராசரி இயக்க ஆற்றலோடு, அதாவது வெப்பநிலையோடு, நேராகக் கட்டுண்டது. இங்கே குமிழும் தண்டும் கோடும் இல்லை.

இந்தியாவில் இந்த அளவுகளுக்குக் காவல், புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கிருந்து சங்கிலித் தொடராக இறங்கிவரும் அளவுதிருத்தம் எங்கள் கல்லூரியின் அலமாரிவரை இதுவரை வந்து சேரவில்லை. பிளாட்டின வெப்பமானியையாவது அங்கீகாரம் பெற்ற கூடம் ஒன்றுக்கு அனுப்ப அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஒப்புதல் வந்தால் அதை வைத்து மற்றவற்றை ஆண்டுக்கொரு முறை ஒப்பிடலாம்.

மே 24

அட்டைத் துண்டுகள் வெட்டி, நூலில் கோத்து, ஆய்வகத்தில் உள்ள பன்னிரண்டு பாதரச வெப்பமானிகளின் உறைகளிலும் கட்டிவிட்டேன். ஒவ்வொன்றிலும் பனிப்புள்ளி அளவு, நீராவிப்புள்ளி அளவு, பார்த்த தேதி. ஆ வெப்பமானியின் அட்டையில் "0.6 கழிக்க, தண்டு வெளியே நின்றால் தனியாகக் கணக்கிடுக" என்று இருக்கிறது. பதினோராவது வெப்பமானியின் பாதரசத்தில் ஓர் இடைவெளி விழுந்திருப்பதை இன்றுதான் கவனித்தேன். பனிக்குழைவில் உப்பைக் கலந்து, பாதரசம் முழுவதையும் குமிழுக்குள் இறக்கிச் சேர்க்க முடிகிறதா என்று திங்களன்று பார்க்க வேண்டும்.