நினைவகத்தை வரைந்து பாருங்கள்

செய்நிரல் மெதுவாக ஓடினால் கணினி பழையது என்று முடிவு கட்டிவிடும் வழக்கம் கிளிநொச்சியில் என்னிடம் படிக்கும் மாணவர்களிடமும் இருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. அண்மையில், இரணைமடுப் பகுதி மழைவீழ்ச்சியைக் கூட்டுவதற்காக அவர்கள் சி மொழியில் எழுதிய செய்நிரல் தொடும் நினைவக முகவரிகளை வால்கிரைண்ட் என்ற செய்நிரல் ஆய்வுத் தொகுப்பின் லாக்கி கருவியால் பதிவுசெய்து, நேரத்தைக் கிடை அச்சிலும் முகவரியை நிலைக்குத்து அச்சிலும் இட்டு வரைந்தோம். சீரான சாய்கோடு வரவேண்டிய இடத்தில், மேலும் கீழும் பாயும் புள்ளிகளே திரையை நிறைத்தன.

சி மொழி இருபரிமாண அணியை (எண் அட்டவணையை) நிரை நிரையாக, அதாவது கிடைவரிசையாக அடுக்குகிறது. செய்நிரலோ நிரல் நிரலாக, அதாவது மேலிருந்து கீழாக வாசித்தது. இன்றைய பெரும்பாலான எக்ஸ்86 செயலிகள் ஒரு தடவையில் 64 பைட்டுகளைக் கேஷ் எனும் சிறிய, வேகமான இடைநினைவகத்துக்குக் கொண்டுவருவதால், 8 பைட்டு எண்கள் எட்டு ஒன்றாக வந்து சேரும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தாவினால், அணி பெரிதாக இருக்கையில், மற்ற ஏழும் தேவைப்படுவதற்கு முன்பே வெளியேற்றப்பட்டுவிடும். அணியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் உள் வளையத்தையும் வெளி வளையத்தையும் இடம் மாற்றியதும் சாய்கோடு வந்தது, வேகமும் கூடியது. அந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்த மாணவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வாங்கிய இடத்தைச் செய்நிரல் திருப்பிக் கொடுக்காத நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்க வால்கிரைண்டின் இன்னொரு கருவியான மாசிஃப் உதவும்: வேலை முடிந்த பின்னும் இறங்காமல் ஏறிக்கொண்டே போகும் நினைவகப் பயன்பாட்டு வரைபு சந்தேகத்துக்குரியது, அந்த இடத்தைக் கேட்டு வாங்கிய செயற்கூறு எது என்பதையும் அது காட்டும். இவையெல்லாம் இலவசக் கருவிகள். முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாணவர்கள் உட்பெட்டியில் எழுதினால், வரைபடம் வரையும் செய்நிரலை அனுப்பிவைக்கிறேன்.