பெரிய வாலட்டுகளைத் தேடும்போது எதைக் கழிக்க வேண்டும்

ஒரு கிரிப்டோ டோக்கனின் பெரும்பங்கு யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். பார்த்ததைப் புரிந்துகொள்ளத்தான் நேரம் பிடிக்கும்.

பெயரை வைத்துத் தேடவே கூடாது. ஒரே பெயர், ஒரே சின்னத்தோடு எத்தனை போலிகள் வேண்டுமானாலும் இருக்கலாம். திட்டத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ விலை காட்டும் தளமான காயின்கெக்கோவிலிருந்தோ கான்ட்ராக்ட் முகவரியை (டோக்கனை இயக்கும் நிரலின் முகவரி) நகலெடுத்து, அந்தந்தச் செயினின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஒட்டுங்கள்: எதீரியத்துக்கு ஈதர்ஸ்கேன், பிஎன்பி செயினுக்கு பிஎஸ்சிஸ்கேன், சோலானாவுக்கு சோல்ஸ்கேன். திறப்பது கான்ட்ராக்டின் பக்கம் என்றால், அங்கிருந்து டோக்கன் டிராக்கர் பக்கத்துக்குப் போய் 'ஹோல்டர்ஸ்' பகுதியைத் திறக்க வேண்டும். ஈதர்ஸ்கேன் முதல் 1,000 முகவரிகளைக் காட்டும். நமக்கு முதல் 30 போதும்.

இனி களையெடுப்பு. முதலில் எரிப்பு முகவரிகள், அதாவது போனதை யாரும் திரும்ப எடுக்க முடியாதவை: முழுக்கப் பூஜ்யங்களால் ஆனது ஒன்று, 'டெட்' என்று முடிவதோ தொடங்குவதோ இன்னொன்று. ஷிபா இனு டோக்கனில் முதலிடத்தில் இருப்பது 'டெட்' என்று தொடங்கும் முகவரிதான். 2021 மே மாதம் எதீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் தனக்கு அனுப்பப்பட்டதில் 410 டிரில்லியன் டோக்கன்களை அங்கே தள்ளிவிட்டார். இப்படி அனுப்பினால் கான்ட்ராக்டில் மொத்த எண்ணிக்கை குறையாது. அதனால் பட்டியலில் தெரியும் சதவீதங்கள் எல்லாமே உண்மையைவிடச் சிறியவை.

அடுத்து, கான்ட்ராக்ட் நிரல் உள்ள முகவரிகள். இவை பெரும்பாலும் வெஸ்டிங் பூட்டு (குறித்த தேதி வரை டோக்கனைப் பூட்டி வைப்பது), ஸ்டேக்கிங் (வெகுமதிக்காகப் போட்டு வைப்பது), யூனிஸ்வாப் போன்ற பரிமாற்றத் தளங்களின் பூல் (வாங்கவும் விற்கவும் டோக்கன் குவித்து வைத்திருக்கும் இடம்), வேறு செயினுக்கு டோக்கனைக் கொண்டுபோகும் பிரிட்ஜ், மல்டிசிக் வாலட் என ஏதாவது ஒன்றாக இருக்கும். மல்டிசிக்கை மட்டும் கழித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் குழுவின் கஜானா, குறிப்பிட்ட சிலர் சேர்ந்து கையெழுத்திட்டால் நகரும். பிரிட்ஜ் என்றால் அந்தப் பங்கின் உண்மையான சொந்தக்காரர்கள் மறு செயினில் இருக்கிறார்கள், அங்கே போய் இன்னொரு பட்டியல் பார்க்க வேண்டும். வெஸ்டிங் என்றால் திறக்கும் தேதியைக் கட்டாயம் பாருங்கள். அடுத்த மாதம் திறக்கும் பூட்டைப் பூட்டு என்று சொல்வதில் அர்த்தமில்லை.

எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விற்க உதவும் நிறுவனம்) வாலட்டுகளுக்குப் பெரும்பாலும் பெயர்ப்பட்டை இருக்கும். அதிலிருப்பது ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களின் பணம். ஒரு திமிங்கலம், அதாவது பெரும்பங்கு வைத்திருக்கும் ஒற்றை ஆள், என்று எண்ண முடியாது. ஆனால் விற்கத் தயாராக நிற்கும் சரக்கு என்பதால் அதைக் கணக்கிலிருந்து நீக்கவும் கூடாது.

கடினமான பகுதி இனிமேல்தான்: மீதமுள்ள வெறும் வாலட்டுகள். ஒருவரே இருபது முகவரிகளில் பிரித்து வைத்தால் பட்டியல் அழகாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் முதல் கேஸ் கட்டணத்துக்கான (பரிவர்த்தனைக் கட்டணம்) ஈதர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரே தனிப்பட்ட வாலட்டிலிருந்து சில நிமிட இடைவெளியில் வந்திருந்தால், அல்லது எல்லாமே ஒரே பிளாக்கில் (சேர்த்துப் பதிவாகும் பரிவர்த்தனைத் தொகுப்பு) வாங்கியிருந்தால், ஒரே கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்திருந்தால் அது எதையும் நிரூபிக்காது. அங்கிருந்து எல்லோரும்தான் எடுக்கிறார்கள். பபிள்மேப்ஸ் என்ற தளம் இந்த இணைப்புகளைப் படமாக வரைந்து தரும், வேலை மிச்சம்.

ஒரு கற்பனைக் கணக்கு. மொத்தம் 100 கோடி டோக்கன். எரித்தது 40, வெஸ்டிங் 20, எக்ஸ்சேஞ்ச் 12, பூல் 8. நான்கு வாலட்டுகளில் 3, 2.5, 2.5, 2. மீதி 10 கோடி சில்லறையாகப் பலரிடம். பட்டியலில் இந்த நால்வரில் பெரியவருக்கு 3 சதவீதம்தான் தெரியும். எரித்ததையும் பூட்டியதையும் கழித்தால் புழக்கத்தில் இருப்பது 40 கோடி. நால்வரும் ஒருவரே என்றால் அவர் பங்கு 25 சதவீதம். அவர் தன் 10 கோடியையும் 8 கோடி இருக்கும் பூலில் கொட்டினால்? யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பான வி2-இன் சூத்திரத்தின்படி விலை 18-க்கு 8 என்ற விகிதத்தின் வர்க்கமாகச் சுருங்கும். அதாவது பழைய விலையில் சுமார் 20 சதவீதம். ஆகவே பெரிய பங்கைப் பூலின் ஆழத்தோடு ஒப்பிடாமல் சதவீதத்தை மட்டும் பேசுவது பாதிக் கணக்கு.

பூல் வி2 வகை என்றால் அதன் எல்பி டோக்கனுக்கும் (பூலில் போட்டவருக்குக் கிடைக்கும் பங்குச் சீட்டு) தனி ஹோல்டர்ஸ் பட்டியல் உண்டு. அது உருவாக்கியவர் கையிலேயே இருந்தால் பூலையே உருவிக்கொண்டு போகலாம். வி3-யில் பங்குகள் ஒன்றுக்கொன்று வேறான தனித்தனி டோக்கன்களாக (என்எஃப்டி) இருப்பதால் இப்படிப் பார்க்க முடியாது.

சோலானாவில் ஒரு பொறி. அங்கே இருப்பு வாலட்டில் நேரடியாக இல்லை, டோக்கன் கணக்கில் இருக்கிறது; ஒரு வாலட்டுக்கு ஒரே டோக்கனில் பல கணக்குகள் இருக்கலாம். ஆர்பிசி (செயினிடம் நிரல் மூலம் நேரடியாகக் கேட்கும் வழி) வழியாகப் பெரிய கணக்குகளைக் கேட்டால் 20 மட்டும் வரும், அவையும் டோக்கன் கணக்குகளே. ஒவ்வொன்றின் உரிமையாளரையும் தனியாகக் கேட்டுக் கூட்ட வேண்டும்.

எதீரிய டோக்கன்களின் பொதுத் தரமான ஈஆர்சி-20 கான்ட்ராக்டுக்குள் உரிமையாளர் பட்டியல் என்று எதுவும் கிடையாது. முகவரி கொடுத்தால் இருப்பைச் சொல்லும், அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபர் பதிவுகளை வைத்து எக்ஸ்ப்ளோரர்தான் பட்டியலைக் கட்டுகிறது. கெட்ட எண்ணத்தோடு எழுதிய கான்ட்ராக்ட் பொய்ப் பதிவுகளை வெளியிட்டு, பிரபலங்களின் முகவரி வாங்கியது போலக் காட்டலாம். அதனால் மூலநிரல் சரிபார்க்கப்பட்டதா, புதிதாக அச்சடிக்கும் மிண்ட் அதிகாரம் யாரிடமாவது மிச்சமிருக்கிறதா என்பதைப் பட்டியலைத் திறக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அந்த அதிகாரம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் புதிதாக அச்சடிக்கலாம் என்பதால், மேலே சொன்ன கழித்தலுக்கு அர்த்தமே இல்லை.